ஆட்டிசம் மரபணுல இருந்து வருதுனா அப்பா அம்மாவுக்கு எதுக்கு ட்ரெய்னிங்?

ஒரு குழந்தைக்கு ஆட்டிசம்னு டாக்டர் சொன்னதும் அந்த வீட்டுக்குள்ள ரெண்டு கேள்வி வந்து உக்காந்துக்கும். ஒண்ணு சொந்தக்காரங்க கேக்கறது, "யார் பக்கத்துலேர்ந்து வந்துச்சு, அம்மா பக்கமா அப்பா பக்கமா?" இன்னொண்ண யாரும் வாய்விட்டு கேக்க மாட்டாங்க. தெரபி சென்டர்ல "பேரண்ட் ட்ரெய்னிங் இருக்கு, நீங்களும் வரணும்"னு சொல்லும்போது அம்மா மனசுல சுருக்குனு வர்றது அது, "அப்போ நான் வளர்த்ததுல தான் கோளாறு, அதான் எனக்கு பாடம் எடுக்கறாங்க".

ரெண்டுக்கும் பின்னாடி இருக்கறது ஒரே குழப்பம். மரபணு காரணம்னா பெத்தவங்க குடுத்தது, ட்ரெய்னிங்னா பெத்தவங்க பண்ண தப்பு, எப்படி சுத்தி வந்தாலும் பழி அவங்க தலையில தான் விழுது. ஆராய்ச்சி சொல்றது இது ரெண்டும் இல்ல. அது என்ன சொல்லுதுனு ஒவ்வொரு படியா பாக்கலாம், சயின்ஸ் படிக்காதவங்களுக்கும் புரியற மாதிரி தான் எழுதறேன்.

முதல்ல, ஸ்பெக்ட்ரம்னா என்ன

ஆட்டிசத்த ஒரு ஸ்பெக்ட்ரம்னு சொல்வாங்க, நிறைய பேர் இத ஒரு தெர்மாமீட்டர் மாதிரி நினைக்கறாங்க, கீழ "கொஞ்சமா ஆட்டிசம்", மேல "ரொம்ப ஆட்டிசம்"னு. அப்படி இல்ல. ஒரு சவுண்ட் மிக்சர நினைச்சுக்கோங்க, வரிசையா இருபது முப்பது நாப் இருக்கும்ல, பேஸுக்கு ஒண்ணு, எக்கோவுக்கு ஒண்ணுனு. ஒரு குழந்தைக்கு பேச்சு நாப் ரொம்ப கீழ இருக்கும், ஆனா ஞாபக சக்தி நாப் உச்சத்துல இருக்கும். இன்னொரு குழந்தை சரளமா பேசும், ஆனா மிக்சி சத்தம் கேட்டா காத பொத்திட்டு அழும். பேசிப் பழகறதுல வித்தியாசம் ஒரு பகுதி, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி செய்யறது, ஒரே விஷயத்துல ஆழ்ந்த ஈடுபாடு, சத்தம் வெளிச்சம் தொடுதல் இதையெல்லாம் உணர்றதுல வித்தியாசம் இதெல்லாம் இன்னொரு பகுதி, இந்த ரெண்டு பகுதியும் சேர்ந்து இருந்தா தான் ஆட்டிசம்னு டயக்னோசிஸ் குடுப்பாங்க. நாப் எல்லாம் எப்படி எப்படி செட் ஆகியிருக்குங்கற அந்த பரந்த விதவிதமான நிலை தான் ஸ்பெக்ட்ரம்.

2025ல அமெரிக்காவுல 5,000க்கும் மேல ஆட்டிசம் உள்ள குழந்தைகளோட தகவல வச்சு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, அதுல அவங்கள நாலு பெரிய குழுவா பிரிக்க முடிஞ்சது, முக்கியமா ஒவ்வொரு குழுவுக்கும் பின்னாடி இருக்கற மரபணு மாற்றங்களும் வேற வேறயா இருந்துச்சு. அதனால "ஆட்டிசத்துக்கு காரணமான ஜீன் எது"னு ஒருமையில கேக்கறதே சரியான கேள்வி இல்ல.

அம்மா மேல பழி போட்ட காலம்

இத சொல்லாம மேல போக எனக்கு மனசு வரல, ஏன்னா இன்னிக்கும் வீட்டுக்குள்ள கேக்கற குத்தல் பேச்சுக்கெல்லாம் வேர் இங்க தான் இருக்கு.

1943ல லியோ கேனர்ங்கற டாக்டர் 11 குழந்தைகள பத்தி ஒரு கட்டுரை எழுதினார், ஆட்டிசம்னு நாம இன்னிக்கு சொல்றது மருத்துவ உலகத்துல பரவலா தெரிய வந்தது அதுக்கப்புறம் தான். அந்த கட்டுரையிலயே இது பிறவியிலேயே இருக்கற வித்தியாசம்னு தான் முடிச்சார். ஆனா அதே கேனர் பின்னாடி அந்த பெத்தவங்களோட குளிர்ந்துபோன சுபாவத்த பத்தியும் எழுதினார், அத பிடிச்சுக்கிட்டு "ஃப்ரிட்ஜ் மாதிரி ஜில்லுனு இருக்கற அம்மா தான் காரணம்"ங்கற பேச்சு கிளம்புச்சு. 1960கள்ல அமெரிக்காவுல சைக்காலஜிஸ்ட்னு பேர் வாங்கின புரூனோ பெட்டல்ஹைம் அத ஊர் ஊரா பரப்பினார். அம்மா பாசம் காட்டாததால குழந்தை தனக்குள்ள ஒடுங்கிடுச்சாம். எத்தனை அம்மாங்க அந்த பொய்ய சுமந்துக்கிட்டே வாழ்ந்து முடிச்சிருப்பாங்கனு நினைச்சா இப்பவும் கோவம் வருது.

அத உடைக்க ஆரம்பிச்சதுல ஒருத்தர் ஒரு அப்பா. பெர்னார்ட் ரிம்லேண்ட், சைக்காலஜிஸ்ட், அவர் பையனுக்கே ஆட்டிசம். இது மூளையோட வளர்ச்சி சம்பந்தப்பட்டது, வளர்ப்பால வர்றது இல்லனு 1964லயே ஆதாரத்தோட வாதாடினார். அடுத்து தேவைப்பட்டது ஒரு நேரடி சோதனை. அத குடுத்தது ட்வின்ஸ்.

ட்வின்ஸ் சொன்ன கதை

ட்வின்ஸ்ல ரெண்டு வகை. ஐடென்டிகல் ட்வின்ஸ் ஒரே கருமுட்டை ரெண்டா பிரிஞ்சு வர்றவங்க, அவங்க மரபணு கிட்டத்தட்ட அச்சு அசல் ஒண்ணு. இன்னொரு வகை ரெண்டு தனித்தனி கருமுட்டைலேர்ந்து வர்றவங்க, அவங்க சாதாரண அண்ணன் தங்கச்சி மாதிரி தான், சராசரியா பாதி தான் ஒத்துப்போகும். ஆனா ரெண்டு வகையும் ஒரே வயித்துல, ஒரே நேரத்துல, ஒரே வீட்டுல வளர்றாங்க. வளர்ப்பு தான் காரணம்னா ரெண்டு வகையிலயும் ஒரே மாதிரி தானே இருக்கணும்?

1977ல சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர்ங்கற ரெண்டு மனநல டாக்டருங்க இத தான் பாத்தாங்க. 21 ஜோடி, ஒவ்வொரு ஜோடியிலயும் ஒருத்தருக்காவது ஆட்டிசம். ஐடென்டிகல் ஜோடி 11, அதுல 4 ஜோடியில ரெண்டு பேருக்குமே ஆட்டிசம். மத்த வகை 10 ஜோடி, அதுல ரெண்டு பேருக்கும் இருந்த ஜோடி ஒண்ணு கூட இல்ல. சின்ன ஆராய்ச்சி தான், ஆனா பேச்சு அதோட திசை மாறிடுச்சு. 2019ல 5 நாட்டுல 20 லட்சம் பிள்ளைங்களோட பதிவுகள வச்சு பாத்தப்போ ஆட்டிசத்தோட ஹெரிட்டபிலிட்டி சுமார் 80 சதவீதம்னு வந்துச்சு.

அந்த 80 சதவீதத்துக்கு என்ன அர்த்தம்

இங்க தான் எல்லாரும் வழுக்கி விழற இடம், அதனால கொஞ்சம் நின்னு பாப்போம்.

100 பேர ஒரே தரையில, ஒரே ஷூ போட்டு ஓட விடறீங்க. ஒருத்தருக்கும் இன்னொருத்தருக்கும் நேரம் வித்தியாசப்படுதுனா அந்த வித்தியாசம் பெரும்பாலும் உடம்பால வந்தது, ஏன்னா மத்ததெல்லாம் சமம். இப்போ அதே 100 பேர்ல பாதி பேர சேத்துல வெறுங்காலோட ஓட விடுங்க, வித்தியாசத்துல தரையோட பங்கு ஜாஸ்தியாயிடும், உடம்போட பங்கு குறைஞ்சிடும். ஆளுங்க அதே ஆளுங்க தான், ஒரு உடம்பும் மாறல, ஆனா சதவீதம் மாறிடுச்சு பாருங்க. ஹெரிட்டபிலிட்டிங்கறது இது தான், ஒரு பெரிய கூட்டத்துல ஆளுக்கு ஆள் இருக்கற வித்தியாசத்துல எவ்வளவு பங்கு மரபணு வித்தியாசத்தால வந்ததுங்கற கணக்கு.

அந்த கூட்டத்துல ஒருத்தர் 15 செகண்ட்ல ஓடினார்னு வைங்க. அதுல 12 செகண்ட் உடம்பு, 3 செகண்ட் ஷூனு பிரிக்க முடியுமா? முடியவே முடியாது. அதே மாதிரி "என் பையனோட ஆட்டிசத்துல 80 சதவீதம் ஜீன், மிச்சம் 20 சதவீதம் நான் பண்ணது"னு எந்த அம்மாவும் கணக்கு போட முடியாது, அந்த நம்பர் ஒரு தனி குழந்தைய பத்தி பேசற நம்பரே இல்ல.

இன்னொண்ணு, அந்த மிச்சத்துக்கு ஆராய்ச்சியில "சூழல்"னு பேர் வச்சிருக்காங்க, உடனே அத வளர்ப்புனு எடுத்துக்கறாங்க. இந்த கணக்குல சூழல்னா ஜீன் இல்லாத எல்லாமே, குழந்தை ரொம்ப குறைமாசத்துல பிறக்கறது, கர்ப்பத்துல வலிப்புக்கு வால்ப்ரோயேட்ங்கற மருந்து எடுத்திருந்தா அது, இப்படி பலது, வெறும் தற்செயல் கூட அதுல அடக்கம். (அந்த மருந்து எடுக்கறவங்க பயந்துபோய் தானா நிறுத்திடாதீங்க, வலிப்பு வந்தா அது அதவிட ஆபத்து, டாக்டர்கிட்ட பேசி தான் மாத்தணும்.) தடுப்பூசி இந்த லிஸ்ட்ல இல்ல. 1998ல 12 குழந்தைகள வச்சு தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சு போட்டு வந்த கட்டுரைய 2010ல அத வெளியிட்ட லான்செட் மருத்துவ பத்திரிகையே வாபஸ் வாங்கிடுச்சு, 2019ல டென்மார்க்ல 6,57,461 குழந்தைகள பாத்தாங்க, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லாவுக்கு போடற எம்எம்ஆர் தடுப்பூசி போட்டவங்களுக்கு ஆட்டிசம் வர்ற வாய்ப்பு அதிகமாகல.

இதுவரைக்கும் பாத்தது: ஆட்டிசத்துல மரபணுவோட பங்கு பெருசு, அந்த சதவீதம் கூட்டத்த பத்தினது, மிச்சம்ங்கறது வளர்ப்பு இல்ல.

சரி, அம்மா பக்கமா அப்பா பக்கமா?

நம்ம ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் டிஎன்ஏங்கற நீளமான எழுத்து வரிசை இருக்கு, அப்பாகிட்டேர்ந்து ஒரு செட் அம்மாகிட்டேர்ந்து ஒரு செட், ஒரு செட்டுக்கு சுமார் 300 கோடி எழுத்து. அதுல உடம்புக்கு ஒரு வேலைய சொல்ற பகுதி தான் மரபணு, அதாவது ஜீன். இந்த எழுத்துல வர்ற வித்தியாசம் ரெண்டு தினுசு.

ஒரு வாளிய நினைச்சுக்கோங்க. வாளியில ஒரு குறிப்பிட்ட கோடு வரைக்கும் தண்ணி ஏறினா ஆட்டிசத்துக்கான அறிகுறி வெளிய தெரியுதுனு வைப்போம். முதல் தினுசு, சொட்டு சொட்டா விழற தண்ணி. ஊர்ல எல்லார்கிட்டயும் இருக்கற சின்னச் சின்ன எழுத்து வித்தியாசம், இத காமன் வேரியண்ட்னு சொல்வாங்க, ஒரு சொட்டால ஒண்ணும் ஆகாது, ஆயிரக்கணக்குல சேர்ந்தா தான் மட்டம் ஏறும். உங்ககிட்டயும் இருக்கு, எனக்கும் இருக்கு. அம்மா வாளியில கொஞ்சம், அப்பா வாளியில கொஞ்சம், ரெண்டு பேருக்குமே கோட்டுக்கு கீழ தான், ஆனா ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் எது எது குழந்தைக்கு போகும்ங்கறது சீட்டு குலுக்கி போடற மாதிரி, ஒரு குழந்தைக்கு கூடுதலா விழலாம், அதே வீட்டுல அடுத்த குழந்தைக்கு கம்மியா விழலாம். மக்கள்தொகை மொத்தமா பாத்தா ஆட்டிசத்துக்கான மரபணு பங்குல பெரும்பகுதி இந்த சொட்டுங்க தான்.

ரெண்டாவது தினுசு, ஒரே ஒரு சொம்பு தண்ணிய மொத்தமா ஊத்தினது மாதிரி. அபூர்வமா வர்ற, ஆனா தாக்கம் பெருசா இருக்கற மாற்றம். 2020ல 35,000க்கும் மேல ஆட்களோட டிஎன்ஏவ அலசி இந்த மாதிரி மாற்றம் வந்தா ஆட்டிசத்தோட சம்பந்தப்படற 102 ஜீன கண்டுபிடிச்சாங்க, சிஎச்டி8, ஷாங்க்3னு பேர் வச்ச ஜீன் எல்லாம் அதுல வரும். நிறைய ஜீன் ரெண்டு வேலையில ஒண்ண தான் செய்யுது: மத்த ஜீன்கள எப்போ ஆன் பண்ணணும் எப்போ ஆஃப் பண்ணணும்னு பாத்துக்கறது, இல்லனா நரம்பு செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற இணைப்ப கட்டறது. மூளை வயித்துக்குள்ள உருவாக ஆரம்பிக்கும்போதே வேலை பாக்கற ஜீன் இதுல நிறைய. யார் கொஞ்சினா யார் திட்டினாங்கற கேள்விக்கே இடமில்லாத காலம் அது.

இதுல நிறைய மாற்றம் அம்மாகிட்டயும் இல்ல, அப்பாகிட்டயும் இல்ல! ஒரு தடிமனான புத்தகத்த கையால பாத்து எழுதினா எவ்வளவு கவனமா எழுதினாலும் அங்கங்க எழுத்து மாறும்ல, அது மாதிரி விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது நகல்ல விழற புது பிழை, இதுக்கு டி நோவோ மாற்றம்னு பேர். பிறக்கற ஒவ்வொரு குழந்தைக்கும் இப்படி சுமார் 60லேர்ந்து 70 வரை இருக்கு, உங்களுக்கும் இருக்கு. பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது, முக்கியமான ஜீனோட நடுவுல விழுந்தா மட்டும் தான் விஷயம். அப்பாவோட வயசு ஒரு வருஷம் கூட கூட சுமார் ரெண்டு பிழை அதிகமாகுதுனு 2012ல ஐஸ்லாந்து ஆராய்ச்சியில தெரிஞ்சது, அதுக்காக வயசான அப்பாவ குறை சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, அது நகல் எடுக்கறதோட இயல்பு.

சொம்பு ஊத்தினாலும் விதி முடிஞ்சதுனு இல்ல. 16வது குரோமோசோம்ல ஒரு துண்டு விட்டுப்போன ஆட்கள்ல சிலருக்கு ஆட்டிசம் இருக்கு, சிலருக்கு இல்ல. அதே துண்டு, வேற வேற வாழ்க்கை.

நடைமுறைக்கு வருவோம். மூத்த குழந்தைக்கு ஆட்டிசம் இருந்தா அடுத்த குழந்தைக்கு வர வாய்ப்பு சுமார் 20 சதவீதம், அதாவது அஞ்சுல ஒண்ணு, இன்னொரு பக்கம் பாத்தா அஞ்சுல நாலுக்கு இல்ல. ஃப்ரஜைல் எக்ஸ் மாதிரி ஒரே ஜீனால வர்ற நிலைமையா இருந்தா கணக்கே வேற, அதனால அடுத்த குழந்தைய பத்தி யோசிக்கறவங்க ஜெனடிக் கவுன்சலர ஒரு தடவ பாக்கறது நல்லது. ஜெனடிக் டெஸ்ட்ல ஒண்ணும் தெரியலனா ஜீன் காரணம் இல்லனு அர்த்தம் இல்ல, சொட்டுங்கள தனித்தனியா பிடிச்சு காட்டற டெஸ்ட் கிடையாது.

சுருக்கமா, ரெண்டு பக்கமும் கொஞ்சம், சில நேரம் எந்தப் பக்கமும் இல்ல. சொந்தக்காரங்களுக்கு சொல்ல இந்த ஒரு வரி போதும்.

அப்போ எதுக்கு பேரண்ட் ட்ரெய்னிங்

வெளிநாட்டுக்கு போன் பண்ணும்போது லைன்ல டிலே இருந்தா என்ன நடக்கும்? நீங்க "எப்படி இருக்க"னு கேக்கறீங்க, பதில் வரல, மறுபடி "ஹலோ, கேக்குதா"ங்கறீங்க, அந்த நேரம் பாத்து முதல் பதில் வருது, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசறீங்க, அப்புறம் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நிறுத்தறீங்க, அஞ்சு நிமிஷத்துல அலுத்துப்போய் "சரி அப்புறம் பேசறேன்"னு வச்சிடறீங்க. இதுல யார் தப்பு? யாரும் இல்ல. பாசம் கம்மியா? இல்லவே இல்ல. ஆனா "லைன்ல டிலே இருக்கு"னு ஒருத்தருக்கு தெரிஞ்சு, அவர் பேசி முடிச்சிட்டு மூணு செகண்ட் காத்திருந்தா போதும், அதே மோசமான லைன்ல அருமையா பேச முடியும்.

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கும் வீட்டுல இருக்கறவங்களுக்கும் நடுவுல பல நேரம் நடக்கறது இது தான். மத்த குழந்தைங்க விரல் நீட்டி காட்டும், கண்ணப் பாக்கும், "ஆ ஆ"னு கூப்பிடும், நாம யோசிக்காமலே பதில் சொல்லிடுவோம். இந்த குழந்தையும் சிக்னல் அனுப்புது, ஆனா அது ஒரு ஓரப் பார்வையா இருக்கும், உங்க கைய பிடிச்சு இழுக்கறதா இருக்கும், பொம்மைய லேசா உங்க பக்கம் நகத்தறதா இருக்கும், ரொம்ப லேட்டா வரும். நாம அத மிஸ் பண்ணிடறோம். பதில் வரலையேங்கற தவிப்புல இடைவெளிய நாமளே நிரப்பறோம், "இது என்ன கலர்? சொல்லு. மம்மி சொல்லு. இங்க பாரு", குழந்தைக்கு இன்னும் சத்தம் ஜாஸ்தியாகுது, திரும்பி உக்காந்துக்குது. நல்ல அம்மா அப்பா எல்லாரும் பண்றது இது, பாசம் இருக்கறதால தான் பண்றாங்க.

ட்ரெய்னிங்ல கத்துக்கறது அந்த மூணு செகண்ட் காத்திருப்பு. குழந்தை எத பாக்குதோ அதுலயே நாமளும் சேர்ந்துக்கிட்டு, அது அனுப்பற சிக்னலுக்கு ஏத்த மாதிரி பதில் குடுக்கறதுக்கு சின்க்ரனினு பேர். கார் பொம்மையோட சக்கரத்த குழந்தை சுத்திட்டே இருந்தா "கார இப்படியா ஓட்டுவாங்க"னு திருத்தாம, பக்கத்துல உக்காந்து "சுத்துது... சுத்துது..."னு சொல்லிட்டு வாய மூடிக்கிட்டு காத்திருக்கறது. டிலே யாரால வந்ததுங்கறது ஒரு கேள்வி, டிலேவோட எப்படி பேசறதுங்கறது முழுக்க வேற கேள்வி. மரபணு ஆராய்ச்சி முதல் கேள்விக்கு, பேரண்ட் ட்ரெய்னிங் ரெண்டாவது கேள்விக்கு.

இன்னொரு விஷயமும் இருக்கு. டேமியன் மில்டன்ங்கற ஆட்டிசம் உள்ள சமூகவியல் ஆய்வாளர் 2012ல சொன்னது, புரிஞ்சுக்காம போறது ஒரு பக்கம் மட்டும் இல்ல, ஆட்டிசம் உள்ளவங்களுக்கு மத்தவங்க புரியாத மாதிரியே மத்தவங்களுக்கும் அவங்க புரியறதில்ல. லைன்ல ரெண்டு முனையும் இருக்கே. பெரியவங்க தங்களோட முனைய மாத்திக்க முடியும், ரெண்டு வயசு குழந்தைகிட்ட அத எதிர்பாக்கறது நியாயம் இல்ல.

நிஜமா வேலை செய்யுதா

நல்லா சோதிச்சு பாத்ததுல ஒண்ணு பாக்ட்ங்கற முறை, இங்கிலாந்துல ஜொனாதன் க்ரீன் குழு பண்ணது. 152 குழந்தைங்க, 2லேர்ந்து 5 வயசுக்குள்ள. குழந்தையும் அம்மாவோ அப்பாவோ விளையாடறத வீடியோ எடுத்து, தெரபிஸ்டும் பெத்தவங்களும் சேர்ந்து உக்காந்து பாப்பாங்க. தெரபிஸ்ட் வீடியோவ நிறுத்தி காட்டறது நல்லா நடந்த இடத்த, "இங்க நீங்க சும்மா இருந்தீங்க, உடனே அவன் திரும்பி பாத்தான் பாருங்க". ஆறு மாசம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ, அப்புறம் ஆறு மாசம் மாசத்துக்கு ஒரு தடவ, வீட்டுல தினமும் அரை மணி நேரம் பழகறது. அவ்வளவு தான்.

2010ல முதல் ரிசல்ட் வந்தப்போ பெத்தவங்க பதில் சொல்ற விதம் நல்லா மாறியிருந்துச்சு, குழந்தை தானா முன்வந்து பேச்சோ சைகையோ ஆரம்பிக்கறதும் கூடியிருந்துச்சு, ஆனா ஆட்டிசம் அறிகுறியோட அளவுல பெரிய வித்தியாசம் இல்ல. பலருக்கு அது ஏமாற்றமா இருந்துச்சு. கிட்டத்தட்ட ஆறு வருஷம் கழிச்சு அதே குழந்தைங்கள மறுபடி பாத்தாங்க, 2016ல வந்துச்சு அது. தீவிரமான அறிகுறி இருந்தவங்க ட்ரெய்னிங் எடுத்த பக்கத்துல 46 சதவீதம், எடுக்காத பக்கத்துல 63 சதவீதம். ட்ரெய்னிங் எப்பவோ முடிஞ்சிருச்சு, ஆனா வீட்டுல பேசற விதம் தொடர்ந்துட்டே இருந்திருக்கு. எனக்கு இந்த துறையில ரொம்ப நம்பிக்கை குடுத்த ரிசல்ட் இது.

இத பெரிய ஸ்பெஷலிஸ்ட் தான் செய்யணும்னும் இல்ல. கோவாவுலயும் பாகிஸ்தான்ல இருக்கற ராவல்பிண்டியிலயும் 65 குழந்தைங்கள வச்சு, பயிற்சி எடுத்த சாதாரண சுகாதார பணியாளர்கள் மூலமா இதே முறைய வீட்டுக்கே கொண்டுபோய் பாத்தாங்க, 2016லயே ரிசல்ட் வந்தது, அங்கயும் பெத்தவங்க பதில் சொல்ற விதமும் குழந்தை தானா ஆரம்பிக்கறதும் கூடுச்சு. உலக சுகாதார நிறுவனமும் 2லேர்ந்து 9 வயசு குழந்தைங்களோட வீட்டாருக்கு 9 குரூப் வகுப்பு, 3 தடவ வீட்டுக்கு வந்து பாக்கறதுனு ஒரு திட்டம் வச்சிருக்கு.

எல்லாமே ஜெயிக்கல, அதையும் சொல்லணும். பாக்ட்ட வீட்டோட சேர்த்து ஸ்கூலுக்கும் விரிவாக்கி 249 குழந்தைங்கள வச்சு பாத்தாங்க, 2022ல வந்த ரிசல்ட்ல ஆட்டிசம் அறிகுறியில வித்தியாசம் தெரியல. அதனால "மூணு மாசத்துல குணமாகிடும்"னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க, ஆட்டிசம் குணமாக்கற நோய் இல்ல. அதே மாதிரி எல்லா பாரத்தையும் அம்மா தலையில ஏத்தி வச்சு அவங்கள 24 மணி நேர தெரபிஸ்டா மாத்தறதும் ட்ரெய்னிங் இல்ல. தினமும் அரை மணி நேரம்னா அரை மணி நேரம், மத்த நேரம் நீங்க வெறும் அம்மா, வெறும் அப்பா.

சேர்றதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது

எந்த முறை, அதுக்கு ஆராய்ச்சி இருக்கா, எத்தனை மாசம், நாங்க ரெண்டு பேரும் மாறி மாறி வரலாமா, தாத்தா பாட்டி வரலாமானு கேளுங்க. என் குழந்தை கண்ணப் பாக்கலனா கட்டாயப்படுத்துவீங்களா, கைய உதறினா தடுப்பீங்களானும் கேளுங்க, அதுக்கு வர்ற பதில்ல நிறைய தெரிஞ்சிடும். நான் முதல்ல கேக்கற கேள்வி வேற: நானும் குழந்தையும் விளையாடற வீடியோவ எங்கூட உக்காந்து பாப்பீங்களா, பாக்கும்போது எங்க நிறுத்துவீங்க?